கடலடி மணலின் ஊரைத் தேடிக் கேமரன் மலைக்கு

போன தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, கடையை நான்கு நாள் அடைத்துவிட்டு, நானும் என் மனைவி தேன்மொழியும் கேமரன் மலைக்குப் போனோம். மணல் எடுக்க. வாடிக்கையாளர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "குவாந்தான்ல கடல் முழுக்க மணல் கெடக்கு, அதுக்கு மலைக்கா போறீங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதிலாகத்தான் இதை எழுத ஆரம்பித்தேன். ஆனால் அங்கே நாங்கள் எதிர்பாராத ஒன்று நடந்தது. அதைச் சொல்லாமல் இந்தப் பயணத்தைச் சொல்ல முடியாது.

முதலில் எங்களைப் பற்றி. எனக்குக் கிழக்குக் கரை ஊரான குவாந்தானில் மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கும் கடை. தேன்மொழி ஒரு பல்கலைக்கழகத்தில் கடலடி மண்ணை ஆராய்கிறவள். சில வருடங்களுக்கு முன்பு ஆய்வுக் கப்பல் ஒன்றில் போய்வந்தாள். நம் கிழக்குக் கரையிலிருந்து தென்சீனக் கடலுக்குள் வெகுதூரம் வரைக்கும் கடலில் பெரிய ஆழம் கிடையாது. அதற்கு அப்பால்தான் தரை சரிந்து ஆழ்கடலுக்கு இறங்குகிறது. கண்டத்தின் உண்மையான விளிம்பு அதுதான், நாம் கால் நனைக்கிற கரை இல்லை என்பாள். அந்தச் சரிவில் நீண்ட குழாயைச் செருகி, உள்ளே ஏறிய சேற்றை உருளையாக அப்படியே மேலே கொண்டுவந்தார்கள். உருளையை நெடுக்காகப் பிளந்து வைத்தால், கடல் தரை சேர்ந்த கதையைக் கீழிருந்து மேலாகப் படிக்கலாம்.

நானும் ஒருமுறை போய்ப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், அடைத்துப்போன சாக்கடைக் குழாயை அறுத்து வைத்தது மாதிரி இருந்தது. முழுக்கச் சாம்பல் நிறக் களி. இடையிடையே விரல் தடிமனில் மணல் பட்டைகள். ஒவ்வொரு பட்டையிலும் அடியில் பருமணல், மேலே போகப் போக மாவு மாதிரி நுண்மணல்.

"இந்தக் களி சேர ஆயிரக்கணக்கான வருஷம் ஆயிருக்கு. இந்தப் பட்டை சேர ஒரு மணி நேரம்கூட ஆயிருக்காது" என்றாள். விளிம்பில் குவிந்திருந்த மணல் ஒருநாள் பிடி விட்டுச் சரிந்து ஆழத்துக்குப் பாய்ந்திருக்கிறது. கனமானது முதலில் படிந்தது, லேசானது பிறகு படிந்தது. அதற்குப் பிறகு மறுபடியும் ஆயிரக்கணக்கான வருடம் அமைதி, களி.

அந்த மணல் எந்த ஊர் மணல் என்பதுதான் அவளுடைய கேள்வி. பனியுகத்தில் கடல் மட்டம் இப்போது இருப்பதைவிட நூற்றிருபது மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. பகாங் ஆறு பெக்கானில் முடியாமல், இன்றைக்குக் கடலாக இருக்கிற சமவெளியில் இன்னும் நெடுந்தூரம் ஓடியிருக்கிறது. அப்படியானால் பட்டையில் இருப்பது கேமரன் இருக்கிற நடுமலைத் தொடரின் மணலாக இருக்கலாம். அல்லது கரையோரக் குன்றுகளின் மணலாகவும் இருக்கலாம். இரண்டு பக்கத்துக் கருங்கல்லும் வேறு வேறு காலத்தில் பிறந்தவை. கருங்கல்லுக்குள் சிர்கான் என்கிற பொடி மணிகள் இருக்கின்றன, அவற்றின் வயதை இயந்திரம் சொல்லிவிடும். கடலடி மணியின் வயதும் மலை மணியின் வயதும் பொருந்தினால் ஊர் தெரிந்துபோகும். கூட வேலை செய்கிறவர்கள் எல்லாம் குன்றுகள்தான் என்றார்கள். தேன்மொழி மட்டும் மலை என்றாள். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இந்த வழக்கு நான்கு வருடமாக நடக்கிறது. நான் தலையாட்டிவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

ஆகவே மணல் வந்த வழியிலேயே எதிர்த்திசையில் போவது என்று முடிவு செய்தோம். முதல் நாள் காலை ஏழு மணிக்குப் பெக்கானில் ஆற்று முகத்துவாரம். அங்கே ஆறு அகலமாக, அவசரமில்லாமல், கடலோடு கலப்பது எங்கே என்று தெரியாமல் கிடந்தது. தேன்மொழி முழங்கால் தண்ணீரில் குந்தி, டூலாங் தட்டைச் சுழற்றினாள். பழைய நாளில் ஈயம் அரிக்கப் பயன்படுத்திய அகலமான மரத்தட்டு அது. லேசான மணல் தண்ணீரோடு வழிந்து போக, கனமான கறுப்புப் பொடி நடுவில் தங்கும். அதை ஒரு பையில் போட்டு மூடினாள். முதல் பை.

அடுத்தது தெமர்லோ. அங்கே மதியம் பாத்தின் என்கிற ஆற்று மீன் குழம்பும் சோறும், இரண்டு பேருக்கு முப்பத்தெட்டு வெள்ளி. இந்த வழியில் போகிறவர்கள் அதைத் தவறவிட வேண்டாம். பாலத்துக்குக் கீழே இரண்டாவது பை. அங்கிருந்து ஜெராந்துட் வழியாகக் கோலாலிப்பிஸ். மாலை ஐந்தரைக்குப் போய்ச் சேர்ந்தோம். ஜெலாய் ஆற்றோரம் மூன்றாவது பை. அறை தொண்ணூற்றைந்து வெள்ளி, சுத்தமாக இருந்தது. பெக்கானில் விரலில் உருண்ட மணலைவிட இங்கே மணல் முரடாக இருப்பது எனக்கே தெரிந்தது. மேலே போகப் போக முரடாகும் என்றாள். மணல் நடந்த தூரம் குறைவு, அதனால் மூலை மழுங்கியிருக்காது.

இரண்டாம் நாள் லிப்பிஸிலிருந்து சுங்கை கோயான் வழியாக ரிங்லெட்டுக்கு ஏறினோம். தாப்பா வழியைவிட அகலமான சாலை, கூட்டமும் இல்லை. ஆனால் கோயானைத் தாண்டிவிட்டால் ரிங்லெட் வரைக்கும் நான் பார்த்தவரை பெட்ரோல் நிலையம் கிடையாது. லிப்பிஸிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். பாதி வழியில் பனி இறங்கி, எதிரே வரும் லோரியின் விளக்கு மட்டும்தான் தெரிந்தது. தெலோம் ஆற்றங்கரையில் நான்காவது பை.

ரிங்லெட் ஏரி மில்லோ பானத்தின் பழுப்பு நிறத்தில் இருந்தது. ஓரத்தில் இயந்திரங்கள் வண்டலை அள்ளிக் குவித்துக்கொண்டிருந்தன. தேன்மொழி காரை நிறுத்தச் சொல்லி இறங்கி நின்று பார்த்தாள்.

"இந்த மண்ணு கிழக்கே போக வேண்டியதுங்க. பெக்கானுக்கு. இப்ப அணையில தங்கிடுது. தண்ணியைச் சுரங்கம் வழியா மேற்கே திருப்பி விட்டுட்டாங்க."

"அதனால என்ன?"

"ஆறு எத்தனையோ ஆயிரம் வருஷமாப் போன திசைய நாம ஒரு தலைமுறையில மாத்திட்டோம். கடலடியில அது எழுதியிருக்கும்."

பிரிஞ்சாங்கில் அறை எடுத்தோம், நூற்றறுபது வெள்ளி. பள்ளி விடுமுறை என்றால் இதுவே இரண்டு மடங்காகும். இரவுச் சாப்பாட்டுக்குப் போன கடையில் பாய் எங்களை விசாரித்தார். காலையில் கம்போங் ராஜா பக்கம் போகிறோம் என்றதும், ரொட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "மூணு நாளா மழை விடல. கியா பார்ம் தாண்டினா ரோட்ட பார்த்து ஓட்டுங்க, மண்ணு இறங்கிக் கெடக்கும்" என்றார்.

மூன்றாம் நாள் காலை வானம் வெளுத்திருந்தது. கியா பார்மில் வழக்கமான நெரிசல். திரிங்காப்பைத் தாண்டியதும் பூந்தோட்டக் கூடாரங்கள் விலகி, தேயிலை தெரிய ஆரம்பித்தது. முதல்முறை பார்க்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். படத்தில் பார்ப்பது வேறு, நேரில் அந்தப் பச்சைக்கு நடுவே நிற்பது வேறு. மேகத்தின் நிழல் ஒரு சரிவிலிருந்து அடுத்த சரிவுக்கு நகர்ந்து போவதைப் பார்த்துக்கொண்டு நாங்கள் நின்றோம்.

நாங்கள் போன எஸ்டேட்டின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஒரு ஓடைக்காகத்தான் அதைத் தேர்ந்தெடுத்திருந்தாள். மலையுச்சிக் கருங்கல்லிலிருந்து நேராக இறங்கித் தெலோமில் சேரும் ஓடை. அங்கே எடுக்கும் மணலில் வேறு எந்த மலையின் கலப்பும் இருக்காது. ஆபீஸில் எஸ்டேட் கணக்கெழுதும் கிராணி குணசேகரன் இருந்தார். ஐம்பது வயதிருக்கும், நிதானமான ஆள். தேன்மொழி சொன்னதைக் கேட்டுவிட்டு மேனேஜருக்குப் போன் போட்டார்.

"மண்ணுதான எடுக்கப் போறீங்க, கொழுந்து இல்லயே? அப்ப போலாம்" என்று அவரே மோட்டாரில் முன்னால் போய் வழிகாட்டினார்.

ஓடையை ஒட்டிப் பன்னிரண்டு லைன் வீடுகள் வரிசையாக இருந்தன. கீழ்க்கோடி வீடுகளின் பின்பக்கத்தில் வாழை, மிளகாய், கோழிக்கூண்டு, அதற்கப்பால் ஓடை. கீழிருந்து மூன்றாவது வீட்டில் பார்வதி அக்கா. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை, அன்றைக்கு விடுப்பு எடுத்து முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தார். அவர் கணவர் திரிங்காப்பில் காய்கறி லோரி ஓட்டுகிறார். எங்களைப் பார்த்ததும் கிராணியிடம்கூட ஒன்றும் கேட்கவில்லை. "டீ குடிச்சிட்டு இறங்குங்க. தண்ணி ஐஸ் மாதிரி இருக்கும்" என்றார்.

ஓடையில் இறங்கியதும் தேன்மொழி மணலைப் பார்க்கவில்லை. எதிர்க்கரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சமீபத்திய மழையில் தண்ணீர் கரையை அறுத்து, ஆள் உயரத்துக்கு மண் சுவர் ஒன்று புதிதாகத் தெரிந்தது. அதில் மூன்று பட்டைகள். ஒவ்வொன்றிலும் அடியில் தலையளவு கற்கள், அதற்கு மேல் சரளை, அதற்கு மேல் மணல், உச்சியில் மஞ்சள் களி. பட்டைக்கும் பட்டைக்கும் நடுவே கறுப்பு மண், அதில் பழைய வேர்கள்.

எனக்கே அடையாளம் தெரிந்தது. "இது உன் உருளை மாதிரியே இருக்கே" என்றேன்.

"ஆமா" என்றாள். குரல் இறங்கியிருந்தது. "கடலுக்கு அடியில நடக்கிறதும் இதுவும் ஒண்ணு இல்ல. ஆனா ஒரே குடும்பம். இந்த ஓடை மூணு தடவை மலையவே தூக்கிட்டு வந்திருக்கு." பிறகு திரும்பி, எங்களுக்குப் பின்னால் இருந்த வீடுகளைப் பார்த்தாள். வீடுகள் நின்ற தரை மூன்றாவது பட்டையின் மேல்தான் இருந்தது.

மணலை எடுத்துக்கொண்டு மேலே வந்ததும் பார்வதி அக்காவிடம் கேட்டாள். "அக்கா, இந்த ஓடை எப்பவாவது பெரிசா வந்திருக்கா?"

"தண்ணி ஏறும், இறங்கும். கல்யாணம் ஆகி இங்க வந்து இருபத்தெட்டு வருஷம். கோழிக்கூண்டுகூட நனைஞ்சதில்ல லா."

தேன்மொழி கிராணியைத் தனியாக அழைத்து, பார்த்ததைச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"ஒரு பட்டைக்கும் அடுத்ததுக்கும் நடுவுல எத்தன வருஷம் மேடம்?"

"சரியா சொல்ல முடியாது. அந்தக் கறுப்பு மண்ணு சேர முந்நூறு வருஷம் ஆகியிருக்கலாம். அறுநூறும் ஆகியிருக்கலாம்."

"அறுநூறு வருஷத்துல ஒருதரம் வர்றதுக்கு, தீபாவளி நேரத்துல எல்லாரையும் வீட்ட விட்டு எழுப்பச் சொல்றீங்களா? நான் என்னன்னு போய் மேனேஜர்கிட்ட சொல்லுவேன்?"

அவர் கேட்டதில் தப்பில்லை. தேன்மொழியும் அதை ஒப்புக்கொண்டாள். திரும்பிப் போனதும் முறையாக எழுதி அனுப்புவதாகச் சொன்னாள். அவர் தலையசைத்துவிட்டு ஆபீஸுக்குப் போனார்.

பன்னிரண்டு மணிக்கு மழை பிடித்தது. மலைமழையைப் பற்றி நான் கேள்விப்பட்டிருந்தது போதாது. எதிர்ச் சரிவு தெரியவில்லை, பிறகு வாழை மரங்கள் தெரியவில்லை, பிறகு முற்றத்தில் நிறுத்திய எங்கள் கார் தெரியவில்லை. பார்வதி அக்கா எங்களைப் போகவிடவில்லை. சோறும் மீன் சம்பலும் போட்டார். நான் முறுக்கு பிழிந்து கொடுத்தேன், தேன்மொழி பைகளில் எழுதி ஒட்டிக்கொண்டிருந்தாள். மழையின் சத்தத்துக்கு மேல் பேச வேண்டியிருந்ததால் எல்லோரும் கொஞ்சம் கத்தித்தான் பேசினோம்.

மணி மூன்றை நெருங்கும்போது பார்வதி அக்கா கை கழுவப் பின்பக்கம் போய், "இதென்ன சூசாவா, ஒரே தொல்லையா இருக்கு. வானம் பொத்துக்கிட்டு ஊத்துது, குழாய்ல சொட்டுத் தண்ணி இல்ல" என்று அலுத்துக்கொண்டு வந்தார். அந்த வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் ஓடையில் இருந்துதான் வருகிறது, மேலே ஒரு தொட்டி வைத்து இறக்கியிருக்கிறார்கள். அடைப்பென்றால் எடுத்துவிடலாம் என்று நான் குடையோடு கிளம்பினேன். என் தொழில் அது. எது நின்றுபோனாலும் எங்கே அடைத்திருக்கிறது என்று பார்க்காமல் இருக்க முடியாது.

குழாயின் வாய் ஓடையில் முழுகித்தான் இருக்க வேண்டும். அது வெறும் கல்லின் மேல் கிடந்தது. ஓடையில் கணுக்கால் அளவுக்குத்தான் தண்ணீர், அதுவும் கறுப்பாக. காலையில் தேன்மொழிக்கு முழங்காலுக்கு மேல் இருந்த ஓடை. கொட்டுகிற மழையில் அது எப்படிக் குறையும் என்று எனக்குப் புரியவில்லை. திரும்பி வந்து சொன்னேன். "குழாய்ல அடைப்பு இல்ல. ஓடையிலதான் தண்ணி இல்ல."

தேன்மொழி எழுந்து நின்றுவிட்டாள். மடியில் இருந்த பைகள் தரையில் விழுந்தன.

"அக்கா, அடுப்ப அணைங்க. மேலே எங்க போகலாம்? உசரமான எடம்?"

"எதுக்கு?"

"மேல எங்கயோ மண்ணு சரிஞ்சு ஓடைய அடைச்சிருக்கு. இத்தன மழைத் தண்ணியும் அதுக்குப் பின்னால நிக்குது. அது ரொம்ப நேரம் நிக்காது."

பார்வதி அக்கா எண்ணெய்ச் சட்டியைப் பார்த்தார், தேன்மொழியின் முகத்தைப் பார்த்தார். கேஸை மூடினார். "கோயில் மண்டபம். மேட்டுல இருக்கு" என்றார். அதற்குள் கிராணிக்குப் போன் போட்டிருந்தேன். மழைக்கோட்டும் இல்லாமல் மோட்டாரில் வந்தார். நேராக ஓடைக்குப் போய்ப் பார்த்தார். திரும்பி வந்தவர் தேன்மொழியிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மோட்டாரின் ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டே லைன் நெடுகப் போனார். "எல்லாரும் கோயிலுக்கு. எதையும் எடுக்காதீங்க, நடங்க."

வேலை நேரம் என்பதால் வீடுகளில் பத்துப் பன்னிரண்டு பேர்தான் இருந்தார்கள். ஆனால் கீழ்க்கோடி வீட்டின் கதவு திறக்கவில்லை. "ரஃபிக் இருக்கான் தம்பி. நைட் ஷிப்ட் பார்த்துட்டுத் தூங்குறான்" என்று பார்வதி அக்கா மேட்டில் இருந்து கத்தினார். நான் ஓடிப்போய்க் கதவை உதைத்தேன். வங்காளதேசத்துக்காரர், இருபத்தைந்து வயதிருக்கும், சாரத்தோடு கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார். எனக்கு அந்த நேரம் மலாய்கூட சரியாக வரவில்லை. "செப்பாட், செப்பாட்", சீக்கிரம் சீக்கிரம் என்று மட்டும் சொல்லிக் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் சார்ஜில் இருந்த போனை எடுக்கத் திரும்பினார். விடவில்லை. பிறகு அதற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

நாங்கள் மண்டபத்துக்கு வந்து கால்மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. யாரோ, வீட்டில் முறுக்கு நமத்துப்போகும் என்றார்கள். கிராணி தேன்மொழியைப் பார்த்தார். அவள் மலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் வந்தது வாசனை. ஈர மண்ணும் முறிந்த பச்சை மரமும் கலந்த வாசனை, மழைக்குள்ளும் தெளிவாக. பிறகு மண்டபத்துத் தரை என் உள்ளங்காலில் நடுங்கியது. பிறகுதான் சத்தம். இடி மாதிரி வந்து நிற்காமல், நிறைய லோரிகள் ஒரே நேரத்தில் சரளையைக் கொட்டுவதுபோல் வளர்ந்துகொண்டே வந்தது. வளைவைத் தாண்டி அது வெளியே வந்தபோது நான் தண்ணீரைத் தேடினேன். தண்ணீர் இல்லை. கற்கள்தான் ஒரு சுவராக நடந்து வந்தன. சில கற்கள் எங்கள் கார் அளவு இருக்கும். அவை கஞ்சியில் மிதக்கும் பருப்புப்போல் உருண்டு உருண்டு வந்தன. முழு மரங்கள் நின்றபடியே நகர்ந்து வந்து, மெல்லச் சாய்ந்தன. கோழிக்கூண்டு, வாழை, ரஃபிக்கின் வீடு, அதற்கடுத்த வீடு, எல்லாம் ஒரு சத்தமும் இல்லாமல் போயின. அதாவது, அவற்றின் சத்தம் எதுவும் கேட்கவில்லை.

கற்களுக்குப் பின்னால் சரளை. அதற்குப் பின்னால் மணல் கலந்த சேறு, வேகம் குறைந்து. கடைசியில் மஞ்சள் தண்ணீர் மட்டும் பரவி, தேங்கி, அடங்கியது. எல்லாம் பத்து நிமிடத்துக்குள்.

பார்வதி அக்கா மாரியம்மன் சன்னதிப் பக்கம் திரும்பிக் கைகூப்பியிருந்தார். தேன்மொழி என் தோளைப் பிடித்திருந்தாள்.

"கல்லு முதல்ல, பாத்தீங்களா? அப்புறம் சரளை. அப்புறம் மணல். களி கடைசியில." மிக மெதுவாகச் சொன்னாள். "இத்தன வருஷமா படிச்சது எல்லாம் முடிஞ்சுபோன பட்டைங்க. ஒரு பட்டை சேர்றத நான் பார்த்ததே இல்ல."

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. சாப்பாட்டு மேசையில் அவள் சொல்லிச் சொல்லி நான் தலையாட்டிய அந்த ஒரு மணி நேரம், இதுதான். கடலடி உருளையில் விரல் தடிமனாகத் தெரிகிற ஒவ்வொன்றும் இப்படி ஒரு பிற்பகல். அதைப் பார்க்க எந்த மனிதனும் இல்லாத பிற்பகல்கள். இந்த மலையும், நாங்கள் கடந்து வந்த சமவெளியும், அதற்கப்பால் கடலுக்கு அடியில் விளிம்புவரை போகிற தரையும் இப்படித்தான் இடம் மாறி இடம் மாறிச் சேர்ந்திருக்கின்றன.

யாருக்கும் அடிபடவில்லை. கீழ்க்கோடி வீடுகள் இரண்டும் முழுதாகப் போயின. பார்வதி அக்காவின் வீட்டில் முன்னறை மட்டும் நின்றது. அன்று எல்லோரும் மண்டபத்திலேயே தங்கினார்கள். பாதையில் சேறு நின்றதால் எங்களால் காரை எடுக்க முடியவில்லை, நாங்களும் தங்கினோம். மறுநாள் காலை வெயிலில் தேன்மொழி புதுப் பட்டையின் ஓரத்தில் இறங்கி மணல் எடுத்தாள். பார்வதி அக்கா மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்.

"இனிமே வருமா?"

"வரும் அக்கா. எப்பன்னு எனக்குத் தெரியாது."

"இருபத்தெட்டு வருஷம் வரலன்னு சொன்னேனே."

"நீங்க சொன்னது உண்மைதான். ஓடைக்கு அது ஒரு நாள் மாதிரி."

கிராணி பக்கத்தில் வந்து நின்றார். "அந்த அறுநூறு வருஷ விஷயத்த எழுதித் தர்றேன்னீங்களே மேடம். இப்பவே தாங்க. மேனேஜர் கேக்கிறார்" என்றார். தேன்மொழி அங்கேயே ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து எழுதினாள். அந்த ஓடையோர லைனில் இனி யாரும் குடியிருப்பதில்லை என்று எஸ்டேட் முடிவு செய்தது.

ஆய்வு முடிவு வர மாதக்கணக்கில் ஆனது. கடலடிப் பட்டைகளில் மேலே இருந்தவற்றில் மலை, குன்று என்று இரண்டு பக்கத்து மணிகளும் கலந்திருந்தன, அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் அடியில் இருந்த, பனியுகக் காலத்துப் பட்டைகளில் பெரும்பாலானவை நடுமலைத் தொடரின் மணிகள். அந்த ஓடையில் எடுத்த மணிகளின் வயதுதான் அவற்றுக்கும். தேன்மொழி கடைக்குப் போன் போட்டுச் சொன்னபோது நான் ஒரு சங்கிலியை மாற்றிக்கொண்டிருந்தேன். கையில் கிரீஸோடு சாலைக்கு வந்து நின்றேன். அத்தனை தூரம். ஒரு கண்ணுக்குத் தெரியாத மணி, அந்தத் தேயிலைச் சரிவிலிருந்து, நான் மீன் குழம்பு சாப்பிட்ட ஊர் வழியாக, இப்போது கடலாக இருக்கிற சமவெளியைக் கடந்து, விளிம்பில் போய்ப் படுத்திருக்கிறது. ஜெயித்த சந்தோஷம் அவள் குரலில் பெரிதாக இல்லை. "சின்னதா இருக்குங்க நாம" என்று மட்டும் சொன்னாள்.

போக நினைக்கிறவர்களுக்குச் சில குறிப்புகள். ஆற்றைத் தொடர்ந்து போவதென்றால் பெக்கானிலிருந்து தொடங்குங்கள், நடுவில் ஒருநாள் லிப்பிஸில் தங்குங்கள். சுற்றிப் போவதால் நேர்வழியைவிடக் கூடுதல் தூரம், போகவர எங்களுக்குப் பெட்ரோல் நூற்றைம்பது வெள்ளிக்குள் ஆனது. ஆறுகளின் நிறம் மாறுவதைப் பார்க்கவே அது தகும். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மழை குறைவு. அக்டோபர், நவம்பரில் போனால் பிற்பகலுக்குள் ஊர்சுற்றலை முடித்துக்கொண்டு அறைக்குத் திரும்பிவிடுங்கள். எஸ்டேட்டுக்குள் போக ஆபீஸில் கேளுங்கள், கேட்காமல் நுழையாதீர்கள். ஓடைக்கரையில் கூடாரம் போடாதீர்கள். மழை கொட்டும்போது ஓடையில் தண்ணீர் குறைந்தால், படம் எடுக்க நிற்காமல் உயரமான இடத்துக்குப் போங்கள்.

பார்வதி அக்காவுக்கு எஸ்டேட்டின் மேற்பக்கத்தில் புது வீடு கொடுத்திருக்கிறார்கள். சென்ற வாரம் போனில் பேசினேன். சமையலறை பெரிசு, குழாயில் எப்போதும் தண்ணீர், சாலை பக்கம் என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். வேறு ஏதாவது வேண்டுமா என்று கேட்டேன்.

"ஒண்ணும் வேணாம் தம்பி. ராத்திரியிலதான். இங்க ஓடைச் சத்தம் கேக்காது பாருங்க. திடுக்குன்னு முழிச்சுக்கிறேன், நின்னுபோச்சுன்னு."